வடசேரியும் தென்சேரியும் பௌதிக வகுப்பும்

சென்ற கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தபோது, ஆசிரியர்களான உங்களில் ஒருவர் ஒரு தகப்பனாரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மகனை எஞ்சினியராக்க என்னென்ன பாடம் எடுக்கவேண்டும் என்று அவர் கேட்டார். நீங்கள் மூச்சு விடாமல் கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். பதிலில் பிழையில்லை. அதற்காக உங்களோடு சண்டை பிடிக்கவும் மாட்டேன். ஆனால் பாடத்தின் பெயரைச் சொல்வதுதான் நம் வேலை என்றால், நமக்குச் சம்பளம் எதற்கு? வாசலில் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டால் போதுமே.

நான் இந்த வாவிக்கரையில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்ந்தவன். எனக்குப் பொறுமை போதாது என்று என்னிடம் படித்தவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. பிள்ளைகளிடம் எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொண்டேன், பெற்றோரிடம்தான் அடிக்கடி கைநழுவிப் போகும். ஆகவே பொறுமைசாலியின் உபதேசமாக இதை எடுத்துக்கொள்ளவேண்டாம். ஒரு பெடியனுக்குப் பாடம் தெரிந்தெடுக்கப் போய், நான் ஓர் ஊரின் நடுவே மாட்டிக்கொண்ட கதை இது. கேட்டுவிட்டு உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் பள்ளிக்கூடம் எழுவான்கரையில், வாவியின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே படுவான்கரையில் நெல் விளையும் பெரிய ஊர் ஒன்று. அந்த ஊர்ப் பெடியன்கள் காலையில் தோணியேறி வந்து, பின்னேரம் தோணியேறிப் போவார்கள். மெற்றிக்குலேஷன் வகுப்பில் பெரும்பாலும் அவர்கள்தான் இருந்தார்கள்.

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அந்த ஊரில் வைகாசி மாதம் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு நடக்கும்போது கொம்புமுறி விளையாட்டும் நடக்கும். வளைந்த வயிரமரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, இரு புறமும் வடம் பூட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். ஒரு பக்கம் வடசேரி, மறுபக்கம் தென்சேரி; சேரி என்றால் இங்கே கட்சி. ஒரு கொம்பு முறியும்வரை விடமாட்டார்கள். முறிந்தால்தான் மழை வரும், நோய் போகும் என்பது நம்பிக்கை. எங்கள் பகுதியில் குடி, அதாவது குலம், தாய்வழி வரும், சேரி மட்டும் தகப்பன்வழி. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. நினைத்தாலும் மாறமுடியாது. தோற்ற சேரி அடுத்த வைகாசி வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் திரியவேண்டும், ஏனென்றால் வென்ற சேரி பாட்டுக் கட்டிப் பாடும்.

அந்த வருஷம் தோற்றது வடசேரி. காயம் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பௌதிகம் வந்துசேர்ந்தது.

அதற்கு முன்பு எங்களிடம் விஞ்ஞானம் என்றால் தாவரவியல் மட்டும்தான். அதற்குச் செலவில்லை. வேலியில் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வந்தால் பாடம் நடத்தலாம். எங்கள் பிரின்சிபல் யாழ்ப்பாணத்துக்காரர், பிடித்த பிடியை விடாதவர். அவர் எங்கெங்கோ எழுதி, ஆட்களைப் பிடித்து, ஒரு பௌதிக ஆசிரியரையும் சில பெட்டி உபகரணங்களையும் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பெட்டிகளில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு தராசு இருந்தது. அதைப் பார்க்கத் தோணிக்காரர்கள்கூட வந்தார்கள்.

வகுப்பாசிரியன் என்ற முறையில் பெடியன்களிடம் சொன்னேன். "பிசிக்ஸ் எடுக்கிறதா, பொட்டனி எடுக்கிறதா எண்டு வீட்ட கேட்டுட்டு வாங்க. நாளைக்குக் கையை உயர்த்தச் சொல்லுவன்."

மறுநாள் பௌதிகம் என்றேன். பாதிக் கைகள் உயர்ந்தன. தாவரவியல் என்றேன். மறுபாதி உயர்ந்தது. வாசலில் நின்ற பிரின்சிபலுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களோ மாஸ்டர், என்ன வடிவாச் சரிபாதியாப் பிரிஞ்சிருக்கினம்!"

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் தெரியும். பௌதிகத்துக்கு உயர்ந்த படுவான்கரைக் கைகள் எல்லாம் தென்சேரிக் கைகள். தாவரவியலுக்கு உயர்ந்தவை எல்லாம் வடசேரிக் கைகள். கொம்பை எங்கள் வகுப்பறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நடந்தது என்னவென்றால், தென்சேரிக்குத் தலைமை தாங்கும், ஊர் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையாரின் மகன் தங்கராசா, தோணியிலேயே தான் பிசிக்ஸ் எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் தென்சேரி முழுக்கப் பிசிக்ஸ் ஆகிவிட்டது. வடசேரிப் பெரியவர்கள் கோயில் வளவில் கூடினார்கள். அவர்கள் எடுத்ததை நாங்கள் எடுப்பதா, மிச்சமிருப்பது எதுவோ அது எங்களுக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். தாவரவியல் என்றால் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஊரோடு ஒத்துப் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். தாவரவியல் படித்து யாரும் கெட்டுப்போனதில்லை. விடமுடியாமல் போனது சாமித்தம்பியால்.

சாமித்தம்பி வடசேரித் தலைவரும் பெரிய வயற்காரருமான கந்தப்போடியாரின் மகன். கணக்கில் விடை வந்த பிறகும் விடமாட்டான், வேறு வழியாகவும் அதே விடை வருகிறதா என்று பார்ப்பான். அப்படி ஒரு பிள்ளை ஓர் ஆசிரியருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. மாரி வெள்ளம் வந்தால் அவர்கள் வட்டையின் அணை, அதாவது அந்த வயற்பரப்புக்குக் காவலாக நின்ற மண் அணை, ஏதாவது ஓரிடத்தில் உடையும். அரசாங்க எஞ்சினியர் ஒருவர் வருவார், அளப்பார், போவார். மறுமாரியில் அது மறுபடி உடையும். எஞ்சினியராகி அந்த அணையை உடையாமல் கட்டவேண்டும் என்பதுதான் சாமித்தம்பியின் ஆசை. ஊரில் வேறு யாருக்கும் சொல்லாமல் எனக்குச் சொல்லியிருந்தான். பௌதிகம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. தாவரவியலோடு மெற்றிக்குலேஷன் பாஸ் பண்ணிவிட்டு எஞ்சினியரிங் வாசலில் போய் நின்றால், காவல்காரன்கூட உள்ளே விடமாட்டான்.

வகுப்பு முடிந்ததும் அவனை மறித்தேன்.

"என்னத்துக்குடா பொட்டனிக்குக் கையத் தூக்கின?"

"அப்பா சொன்னவர், சேர்."

"அப்பாக்குப் பொட்டனி எண்டா என்னெண்டு தெரியுமா?"

"மரம் செடி எண்டு சொன்னன். சரி, பிசிக்ஸ அவங்க எடுத்திட்டாங்கதானே எண்டாரு."

"எவங்க?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்களும் அவங்கதானே, சேர்."

அதுதான் சிக்கல். என் தகப்பன் தென்சேரி. ஊர் வேறாக இருந்தாலும் சேரி சேரிதான். நான் போய் உங்கள் மகனைப் பௌதிகத்துக்கு விடுங்கள் என்று சொன்னால், தென்சேரிக்காரன் தன் சேரியின் பாடத்துக்கு ஆள்பிடிக்க வந்திருக்கிறான் என்றுதான் ஊர் சொல்லும்.

பிரின்சிபலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, பிறகு கோபம் வந்தது.

"கொம்பும் கத்தரிக்காயும்! நான் நேர போய் ரெண்டு வார்த்தை சொன்னா விளங்காதோ?"

"விளங்கும், சேர். அதுதான் எனக்குப் பயம்" என்றேன். "அவங்கட விளையாட்ட நீங்க முட்டாள்தனம் எண்டு சொன்னதா விளங்கும். திங்கட்கிழமை தோணி வெறுமையா வரும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப நீங்கள் போங்கோ. ஆனா இந்தக் கிழமைக்குள்ள முடியோணும். சோதினைக்குப் பாடங்கள் கொழும்புக்குப் போனா, பிறகு நானே அழுதாலும் மாத்தேலாது."

கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய ஒரு மேலதிகாரி, தனக்குத் தெரியாத இடத்தில் ஒதுங்கி நிற்பது லேசான காரியமல்ல. அவர் ஒதுங்கினார். அவரைப் பற்றி இதற்கு மேல் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

சனிக்கிழமை காலையில் தோணியேறினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வழிநெடுக ஒரு பிரசங்கம் தயாரித்தேன். பௌதிகத்தின் பெருமை, எஞ்சினியர் உத்தியோகத்தின் மதிப்பு, மகனின் மூளை, எல்லாம் வரிசையாக. தோணிக்காரன் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கா போறீங்க என்று கேட்டான்.

கந்தப்போடியார் வளவில் இருந்தார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. என்னை உட்காரவைத்து மோர் வரவழைத்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் திறந்தார்.

"வாத்தியார், நீங்க தென்சேரிதானே?"

"ஓம், போடியார்."

"அப்ப ஒண்டும் சொல்லாதீங்க. மோரக் குடிங்க."

குடித்தேன். வேறு என்ன செய்வது? தோணியில் தயாரித்த பிரசங்கம் மோரோடு உள்ளே போய்விட்டது. அது போனதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்லியிருந்தால், பௌதிகம் உயர்ந்தது, தாவரவியல் தாழ்ந்தது, தென்சேரி நல்லதை எடுத்துக்கொண்டது, வடசேரி ஏமாந்தது என்றுதான் முடிந்திருக்கும். மகனுக்கு நல்லது என்று தெரிந்தாலும் அவரால் அதை ஏற்றிருக்க முடியாது. ஒரு மனிதனின் கௌரவத்தை உடைத்துத்தான் உங்கள் யோசனை உள்ளே போகவேண்டுமென்றால், அந்த யோசனையை வெளியிலேயே வைத்துவிட்டு வேறு வழி பாருங்கள்.

மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "நான் சொல்ல வரல்ல, போடியார். ஒண்டு கேக்கத்தான் வந்த. பிசிக்ஸ் சோதினை வேற, பொட்டனி சோதினை வேற. இது ரெண்டும் எதில கொழுவுற?"

"என்ன கேக்கிறீங்க?"

"தென்சேரிக் கொம்ப ஒரு வளவுக்க வச்சு இழுத்து, வடசேரிக் கொம்ப வேறொரு வளவுக்க வச்சு இழுத்தா, ஆர் வெண்ட எண்டு எப்பிடிச் சொல்லுற?"

போடியார் வெற்றிலைத் தட்டை இழுத்தார். வெற்றிலையை மடித்தார். மடித்ததை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். இன்னும் இருவர் வந்தார்கள். என் கேள்வியை அவர்களுக்கு அவரே சொன்னார், அதுவும் தனக்கே தோன்றியது போல. நான் வாயைத் திறக்கவில்லை. கொழுவாத கொம்பில் என்ன இழுவை என்று மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வடசேரியிலிருந்தும் ஒருவன் பிசிக்ஸுக்குப் போய்த் தென்சேரியோடு நேருக்கு நேர் கொழுவவேண்டும், அது தங்கராசாவோடுதான் என்றார்கள். போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் துள்ளவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் போடியார் அடுத்ததைச் சொன்னார்.

"வாத்தியார், ஒண்டு. கொழுவினா கொழுவினதுதான். விதானைட மகனிட்ட இவன் தோத்தானெண்டா, மறுகா பள்ளிக்கூடம் இல்ல. வட்டைக்கு வந்து மாடு சாய்க்கட்டும்."

ஒரு கதவைத் திறந்த கையோடு, அதன் மேலே ஒரு பாறாங்கல் தொங்குவதைக் கண்டேன். வேண்டாம் என்றால் சாமித்தம்பிக்குத் தாவரவியல்தான். சரி என்றால் அவன் ஒரு சேரியையே முதுகில் சுமந்துகொண்டு பரீட்சைக்குப் போகவேண்டும். நான் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அல்ல அது. சாமித்தம்பி வேலியோரம் நின்றான். போடியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவனிடம் போனேன்.

"கேட்டதானே? தோத்தா வட்டை. இப்பயே வேணாமெண்டு சொல்லலாம். உனக்கு வேணாமெண்டா நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"பொட்டனி படிச்சாலும் வட்டைதானே, சேர்" என்றான். வேலியை விட்டு முன்னால் வந்து, "நான் பிசிக்ஸ் படிக்கிறன்" என்றான்.

செய்தி தென்சேரிக்கு எட்டியதும் அவர்களுக்கும் சந்தோஷம். எதிராளி இல்லாத வெற்றியில் என்ன சுகம்? திங்கட்கிழமை பௌதிக வகுப்பில் ஒரு பெடியன் கூடினான்.

நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று, அந்தத் தராசு. ஒரே தராசுதான் இருந்தது. பௌதிக ஆசிரியர் வெளியூர்க்காரர், சேரி கீரி ஒன்றும் அறியாதவர். பரிசோதனைக்குப் பெடியன்களை இரண்டிரண்டாகப் பிரித்தபோது, கெட்டிக்காரர்கள் இருவர் என்று சாமித்தம்பியையும் தங்கராசாவையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். ஒருவன் எடைப்படியை வைக்க, மற்றவன் முள்ளைப் பார்க்கவேண்டும். எதிராளி பிழையாகப் பார்த்தால் தன் விடையும் பிழைத்துவிடும். முதல் கிழமை முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். பிறகு ஒருநாள் நான் ஜன்னலோரம் போகும்போது, இருவரும் தராசுக் கூட்டின் முன்னால் குனிந்து நின்று, ஒருவன் மற்றவனை மடையன் என்று ஏச, மற்றவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் நின்று பார்க்காமல் நடந்தேன். தோணியில் மட்டும் அவர்கள் இரு அந்தத்திலும் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

பரீட்சை முடிவு வந்தது. இருவரும் பாஸ், இருவருக்கும் ஒரே தரம். புள்ளி எத்தனை என்று அந்தப் பரீட்சையில் சொல்லமாட்டார்கள். போடியாரும் விதானையாரும் ஒரே நாளில், வெவ்வேறு தோணிகளில் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் முன்னால் நின்றார்கள்.

"எது முறிஞ்சது, வாத்தியார்?" என்று போடியார் கேட்டார்.

"ஒண்டும் முறியல்ல, போடியார். வடம் இப்பதான் இறுகுது" என்றேன். "இது முதல் இழுவை. அடுத்தது கொழும்பில இன்டர். அதுக்குப் பிறகு எஞ்சினியரிங். இப்ப ஆராவது கைய விட்டா, விட்ட சேரி தோத்த சேரி."

விதானையார் போடியாரைப் பார்த்தார். போடியார் விதானையாரைப் பார்த்தார். இருவரும் கையை விடவில்லை. அந்தக் காலத்தில் இலங்கையில் எஞ்சினியரிங் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் கிடையாது. கொழும்பில் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கு, முதலில் இன்டர்மீடியற், பிறகு பட்டம் என்று, இருக்கவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் இல்லாததால் அதை அங்கே போய் அடியிலிருந்து படிக்கவேண்டும். கொழும்பு என்றால் பிள்ளை கெட்டுவிடும் என்று மற்ற ஊர்ப் போடிமார் பயந்த காலம். இந்த இரண்டு தகப்பன்மாரும் ஒரே ரயிலில், வெவ்வேறு பெட்டியில், பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள்.

இன்டரிலும் இருவரும் தேறினார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தபோது இருவரும் சேர்ந்தே என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது எஞ்சினியரிங்கில் எந்தக் கிளை என்று தெரிந்தெடுக்கவேண்டிய நேரம். சாமித்தம்பிக்குச் சந்தேகமே இல்லை, சிவில். அணைக்கும் மதகுக்கும் அதுதான் படிப்பு. தங்கராசாவுக்கு மின்சாரம். கொழும்பில் தெருவிளக்கைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பைத்தியம்.

"ரெண்டு பேருக்கும் நல்ல தெரிவு. பிறகு ஏன் முகத்தத் தொங்கப் போட்டுட்டு இரிக்கீங்க?" என்றேன்.

தங்கராசாதான் சொன்னான். "ஒரே கிளைய எடுக்கட்டாம், சேர். இல்லாட்டி எதில கொழுவுற எண்டு அப்பா கேக்கிறாரு."

என் கேள்விதான், சுற்றிக்கொண்டு என் வாசலுக்கே வந்து நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நான் வருந்தவில்லை, இன்றும் இல்லை. அது இல்லாவிட்டால் இருவரும் கொழும்பைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஒரு முடிச்சைப் போட்டவன், அது அவிழும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும். போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது நம் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம்.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு தோணியேறினேன். அறுவடைக் காலம். போடியார் களத்தில் சூடடித்துக்கொண்டிருந்தார். விதானையாரும் அங்கேதான் நின்றார். வட்டை வேலையில் இருவரும் ஒருவரையொருவர் விடமுடியாது. சேரிச் சண்டை எல்லாம் அதற்கு வெளியில்தான். களத்துக்குள் கண்டபடி பேசக்கூடாது, அங்கே அதற்கென்று சொற்கள் உண்டு. போடியார் எங்களை வெளியே மருதமர நிழலுக்குக் கூட்டிவந்தார்.

நான் நேராகவே சொன்னேன். "ஒருத்தன் சிவில், மத்தவன் எலெக்ட்ரிக்கல். அதுதான் அவங்களுக்குச் சரி. இதில நான் கேள்வி ஒண்டும் வச்சிருக்கல்ல, போடியார். சொல்லத்தான் வந்த."

"அப்ப ஆர் வெண்ட?" என்று விதானையார் கேட்டார்.

"ஊருக்கு என்ன சொல்லுற?" என்று போடியார் கேட்டார். "இவ்வளவு காலம் இழுத்துப்போட்டு, இப்ப தனித்தனிய இழுக்கட்டுமா? நீங்கதானே வாத்தியார் சொன்ன, கொழுவாத கொம்பில இழுவை இல்லெண்டு!"

 உண்மையைச் சொல்கிறேன், அந்த நிழலில் நின்று நான் வியர்த்தேன். அப்போது சாமித்தம்பி பேசினான். சத்தமில்லாமல், தகப்பனைப் பார்த்து மட்டும்.

"அப்பா, கொழுவினா ஒண்டு முறியத்தானே வேணும்?"

"ஓம். அதுக்கென்ன?"

"நானும் இவனும்தானே கொம்பு. அப்ப ஆர் முறியிற எண்டு நீங்களே சொல்லுங்க."

களத்தில் மாடுகளைச் சாய்ப்பவன் பாடுவது மட்டும் கேட்டது. தங்கராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொழும்பில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது, பக்கத்தில் இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன் சாமித்தம்பி என்பது எனக்குத் தெரியும். அது தகப்பன்மாருக்கும் தெரிந்திருந்தது என்பதை அந்த நிமிஷத்தில்தான் அறிந்தேன். விதானையார் சாமித்தம்பியைப் பார்த்த பார்வையில் அது இருந்தது.

போடியார் முதலில் தன் மகனைப் பார்த்தார். பிறகு தங்கராசாவை, மேலிருந்து கீழாக, மெலிந்துபோன பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"விதானை," என்றார், "வடத்த அவிழுங்க."

 விதானையார் தலையை ஆட்டினார். இருவரும் களத்துக்குத் திரும்பிப் போனார்கள். நாங்கள் மூவரும் மருதமரத்தடியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பிறகு யாரோ எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், கணிதம், பௌதிகம், இரசாயனம் என்பது அந்தத் தகப்பனாருக்குப் போதுமான பதிலா? பாடத்தைச் சொல்லுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையைத் தனியே ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போங்கள். அவனை யார் யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஊரில் கொம்பு இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டு டொக்டர் மகன், மச்சானின் மகன், போன வருஷம் பாஸ் பண்ணியவன் என்று எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வடம் இருக்கத்தான் செய்கிறது. சில நேரம் அந்த வடம் பிள்ளையைத் தூக்கிவிடும், அப்போது நீங்களும் ஒரு கை கொடுக்கலாம். எங்கே அவிழ்க்கவேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்வான். அன்று அங்கே நீங்கள் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இருவரும் பட்டம் எடுத்தார்கள். சாமித்தம்பி அந்த அணையைத் திருத்திக் கட்டினான். தங்கராசா வேலைக்குப் போனது மலைநாட்டுக்கு. ஊருக்கு விளக்குக் கொண்டுவருவேன் என்று என்னிடம் சத்தியம் பண்ணியிருக்கிறான், நான் இன்னும் அரிக்கன் லாம்போடுதான் காத்திருக்கிறேன்.

பட்டம் எடுத்து வந்த முதல் வைகாசியில், கொம்புமுறி பார்க்க என்னையும் அழைத்தார்கள். எஞ்சினியர்மார் இருவரும் காற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒருவன் வடசேரி வடத்திலும் மற்றவன் தென்சேரி வடத்திலுமாக நின்று, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார்கள். ஒருவனும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் தென்சேரிப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் முறிந்தது எங்கள் கொம்பு. கந்தப்போடியார் என் முன்னால் வந்து நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடினார். தோல்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் முறிந்தது மரக்கொம்புதான்.